எர்த் இல்லாத கட்டடத்தில் ஒரு மின்சாரக் கார்

1

என் கணவர் செந்திலுக்குக் கல்யாண நாள் மறந்துபோகும். நாங்கள் பெங்களூருக்கு வந்த நாள் மட்டும் மறக்காது. ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் கேக் வாங்கிவருவார். ஆரணியிலிருந்து இரண்டு சூட்கேஸும் ஒரு குக்கருமாக வந்து, ஜோகுபாளையத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் நாங்கள் இறங்கிய நாள் அது. அவருக்கு வாழ்க்கை தொடங்கிய நாள். எனக்கு, எதைச் சொன்னாலும் இரண்டு முறை சொல்ல வேண்டியதாகிவிட்ட நாள்.

இருபதாவது வருஷத்துக்குக் கேக் வரவில்லை. மின்சாரக் கார் வந்தது.

"கீழ வந்து பாரு அரசி" என்று ஃபோன் செய்தார். இப்போது லிங்கராஜபுரத்தில் சொந்த ஃப்ளாட்டில் இருக்கிறோம். பன்னிரண்டு வீடுகள் கொண்ட பழைய கட்டடம். எங்களுடையது இரண்டாம் மாடி. தரைத்தளம் முழுக்கத் தூண்கள். தூண்களுக்கு நடுவே பார்க்கிங். இறங்கிப் போனேன். வெள்ளைக் கார், முகப்பில் சாமந்தி மாலை, பக்கத்தில் மாலை போடாத குறையாக இவர்.

"எங்க சார்ஜ் போடப் போறீங்க?" என்றேன்.

"மொதல்ல நல்லா இருக்குன்னு சொல்லு."

"நல்லா இருக்கு. எங்க சார்ஜ் போடப் போறீங்க?"

"ஃபோனுக்குப் போடற மாதிரிதான். வீட்ல கரண்டு இருக்கு இல்ல?"

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிகல் டிப்ளமா படித்தவள். பீன்யாவில், தொழிற்சாலைகளுக்கு மின் பேனல் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் வரைபடம் போடுவதுதான் இத்தனை வருஷமாக என் வேலை. செந்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் கருவி விற்கிறவர். ஊர் பூராவும் சுற்ற வேண்டிய வேலை. எங்கள் வீட்டில் மின்சாரம் பற்றித் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த ஒரே ஆளைக் கேட்காமல்தான் கார் வந்தது.

ஆரணியிலிருந்தும் செய்யாறிலிருந்தும் சொந்தக்காரர்கள் இப்போது ஃபோன் செய்து கேட்கிறார்கள், வீட்டில் சார்ஜர் போடுவது கஷ்டமா என்று. கம்பியும் குழாயும் கஷ்டமே இல்லை. மனிதர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

2

முதல் நாள் சாயங்காலமே செந்தில் எங்கள் பால்கனியிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரைக் கீழே தொங்கவிட்டார். அடுப்படியில் கிரைண்டருக்கு இருக்கும் பெரிய சாக்கெட்டில் ஒரு முனை, பார்க்கிங்கில் கார் சார்ஜர் ஒரு முனை. முதல் மாடிக்காரர்களின் துணிக்கொடியைத் தொட்டுக்கொண்டு ஒயர் காற்றில் ஆடியது.

"கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும். இது ராத்திரி பூராவும் இழுக்கும். இந்த ஒயர் தாங்காது, கழட்டுங்க" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஒரு தடை" என்று சொல்லிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கழற்றி மாட்டினார். மறுபடியும் சிவப்பு. கார் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பாட்டு கேட்டபின் ஒரு பெண் வந்து, "வண்டியில் பழுதில்லை சார், உங்கள் வீட்டில் எர்த் இல்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வீட்டில் யாரும் கேட்காததைக் காராவது கேட்டதே.

எர்த் என்பது வேறொன்றுமில்லை. ஏதாவது ஒரு கோளாறில் மின்சாரம் இயந்திரத்தின் உடம்பில் கசிந்தால், அது நம்மைத் தேடி வராமல் மண்ணுக்குள் இறங்கிப் போக ஒரு வழி. ஆரணியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் அதற்கு ஒரு குழி இருந்தது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அரிசி கழுவிய தண்ணீரைக் கோடைக்காலத்தில் அந்தக் குழியில்தான் ஊற்றுவாள்; மண் காய்ந்தால் எர்த் செத்துப்போகும் என்று ஒயர்மேன் ஒருமுறை சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். பெங்களூரில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களில் ஒருவருக்கும் குழி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. தரைத்தளத்துக்கு டைல்ஸ் போட்டபோது அது எங்கேயோ புதைந்துவிட்டது என்று காவலாளி சொன்னார்.

செய்ய வேண்டியதை அன்றைக்கே செந்திலிடம் சொன்னேன். நம் மீட்டரிலிருந்து காருக்கென்று தனி லைன். தடிமனான செம்புக் கம்பி. கொஞ்சம் கசிந்தாலும் உடனே விழுந்துவிடுகிற டிரிப் சுவிட்ச். எல்லாவற்றுக்கும் முதலில் புதிதாக ஒரு எர்த் குழி. குழி பொது இடத்தில் வரும் என்பதால் அசோசியேஷன் சம்மதிக்க வேண்டும். லோடு, அதாவது வீடு இழுக்கும் மின்சாரத்தின் அளவு, கூடும் என்பதால் மின் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

"அதுவரைக்கும்?" என்றார்.

"அதுவரைக்கும் மால்ல போய் போடுங்க."

3

அசோசியேஷன் மீட்டிங் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நடந்தது. செக்ரெட்டரி நாகராஜ் சார் தரைத்தளத்துக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருப்பவர். ஹாசன் பக்கத்துக்காரர், ரிட்டையர் ஆனவர். தமிழ் தெரியாது, மீட்டிங்கில் கன்னடம்தான் பேச வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். அதில் தப்பு சொல்ல மாட்டேன், அவர் ஊர். இருபது வருஷத்தில் என் கன்னடம் காய்கறிக் கடையைத் தாண்டவில்லை என்பதுதான் என் கஷ்டம்.

என் மகள் யாழினி கூட வந்தாள். இங்கேயே பிறந்தவள், கல்லூரியில் இரண்டாம் வருஷம். சிநேகிதிகளோடு கன்னடம், எங்களோடு ஆங்கிலம், பசித்தால் மட்டும் தமிழ். தமிழ் படிக்கத் தெரியாது. இதை அவள் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாகராஜ் சார் ஆரம்பத்திலேயே முடித்துவிட்டார். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எங்கேயோ மின்சார வண்டி பற்றி எரிந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். என் படுக்கை அறைக்குக் கீழே அதை நிறுத்திச் சார்ஜ் போட நான் விடமாட்டேன். பேடா என்றால் பேடா, வேண்டவே வேண்டாம்."

காருக்குப் பயப்படுகிறார்கள். காருக்கு முன்னாலிருந்தே கட்டடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நைந்த ஒயருக்கு ஒருவரும் பயப்படவில்லை. எர்த் இல்லாமல் பன்னிரண்டு வீட்டிலும் கீசரும் வாஷிங் மெஷினும் ஓடுகின்றன. அதைச் சொல்லத்தான் எழுந்தேன். பழைய ஒயர் சூடானால் முதலில் புகை வரும், புகை, என்று சொல்ல வேண்டும். கன்னடத்தில் புகைக்கு 'ஹொகெ'. என் வாயில் வந்தது 'ஹோகி'. போங்கள் என்று அர்த்தம்.

"சார், ஹோகி! ஹோகி சார்!" என்று கையை வேறு ஆட்டிச் சொல்லியிருக்கிறேன்.

நாகராஜ் சார் எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் மறுபடியும் அழுத்திச் சொன்னேன். யாழினி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ம்மா, ப்ளீஸ், நீ பேசாத. நீ அவரைக் கெட் அவுட்ங்கற."

அவள் எழுந்து அழகான கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டாள். எனக்காகக் கேட்ட மன்னிப்பில் குழி விஷயம் வரவே இல்லை. தீர்மானம் எழுதினார்கள்: சார்ஜர் கூடாது. படியிறங்கும்போது, "குழியைப் பத்தி ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"இட்ஸ் எம்பேரஸிங், ம்மா" என்றாள்.

எது கூச்சம், குழியா நானா என்று கேட்கவில்லை.

4

மின் அலுவலகத்தில் வேறு கதை. அங்கே என் பெயர்தான் தடை.

ஊரில் எல்லோருக்கும் இருப்பதுபோல எனக்கும் அப்பா பெயர் முன்னெழுத்து. வே. தமிழரசி. இந்த ஊர் விண்ணப்பங்களுக்கு முன்னெழுத்து போதாது. கடைசிப் பெயர் வேண்டும். ஃப்ளாட் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, மின் இணைப்பில் யாரோ புண்ணியவான் 'தமிழ்' தனி, 'அரசி' தனி என்று பிரித்து வைத்திருந்தார்.

கவுன்ட்டரில் இருந்தவர் மூன்றையும் பார்த்துவிட்டு, "இதில் யார் நீங்கள்?" என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

"மூணும் நான்தான்."

"அப்படியானால் மூன்றும் ஒருவரே என்று எழுதி வாங்கி வாருங்கள். இல்லாவிட்டால் ஆன்லைனில் போடுங்கள், சுலபம்."

ஆன்லைனில் கடைசிப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் நகரவே மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் வேணுகோபால் என்று அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து குறுஞ்செய்திகள் எல்லாம் அவருக்கே வந்தன. 'அன்புள்ள வேணுகோபால், உங்கள் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது.' 'அன்புள்ள வேணுகோபால், ஆவணம் தெளிவாக இல்லை.' அப்பா செத்துப் பல வருஷம் ஆகிறது. ஆரணியில் கரண்ட் போனால் திட்டிக்கொண்டே விசிறியை எடுப்பாரே தவிர, ஒரு அலுவலகத்துக்கும் போனவரில்லை. செத்தபிறகு பெங்களூரில் லோடு கேட்டு அலைகிறார். பஸ்ஸில் அந்தச் செய்தியைப் படித்துச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

செந்தில் இதற்கிடையில் பொது சார்ஜர்களில் வாழ்ந்துகொண்டிருந்தார். ஒரு மாலில் மூன்று சார்ஜர் இருந்தால் ஒன்று வேலை செய்யும். அதன் முன்னால் யாரோ பெட்ரோல் காரை நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஆப். வீட்டுக்கு வரும்போது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கும். ஆனால் அந்தப் பாவத்தைக் காட்டினால், "அப்போ அந்த எக்ஸ்டென்ஷன்..." என்று ஆரம்பிப்பார்.

5

ஆனி மாத மழை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்துகொண்டே உள்ளே வந்தேன். எங்கள் பார்க்கிங் தூணில் புத்தம்புதிய சாக்கெட் ஒன்று. அதில் கார் சார்ஜர். சார்ஜரில் பச்சை விளக்கு.

பச்சை எப்படி வந்தது? எர்த் இல்லாமல் பச்சை வராது. தரையைப் பார்த்தேன். ஒரு டைல்ஸ்கூடப் பெயர்க்கப்படவில்லை. படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் சுவரோரமாக வந்திருந்தது.

மேலே ஓடினேன். செந்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தர் குடுத்த நம்பர். மத்தியானம் வந்து போட்டுக் குடுத்துட்டான். நல்ல கம்பிதான், நீ சொன்ன மாதிரி தனி லைன்."

"எர்த் எங்க இருந்து எடுத்தான்?"

"பச்சை எரியுது இல்ல? அப்புறம் என்ன?"

"அதான் கேக்கறேன். எங்க தோண்டினான்?"

"தோண்டாமலே பண்ணலாமாம். உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கக் கூடாதா?"

ஸ்க்ரூடிரைவரைத் தேடி அலமாரியைத் திறந்தேன். அப்போதுதான் ட்யூப்லைட் துடித்தது. ஃபேன் சுற்று குறைந்தது, மறுபடி ஏறியது, மறுபடி குறைந்தது. ஃப்ரிட்ஜ் முனகியது. எதிர் வீட்டு விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு மட்டும் என்றால் மீட்டரில் நியூட்ரல், மின்சாரம் திரும்பிப் போகிற கம்பி, தளர்ந்திருக்கிறது. புது லைன் எடுக்கும்போது பழைய முறுக்கைப் பிரித்தவன் சரியாக இறுக்கவில்லை. பச்சை விளக்கு எப்படி வந்தது என்பதும் அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

கீழே நாகராஜ் சார் குடையை மடக்கித் தூணில் சாய்த்து, ஊறிய செருப்பைக் கழற்றிவிட்டு, நனைந்த தரையில் வெறுங்காலோடு காரின் முன் நின்றுகொண்டிருந்தார். மீட்டிங் தீர்மானத்தை மீறிய காரைப் பார்த்த கோபம் முகத்தில் தெரிந்தது. சார்ஜரைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"முட்ட பேடி! சார், முட்ட பேடி!" என்று கத்தினேன். தொடாதீர்கள் என்று அர்த்தம். சரியான கன்னடம்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் மேடம், அன்றைக்குப் போகச் சொன்னீர்கள், இன்றைக்கு இதுவா?" என்றபடி சார்ஜிங் மூடிக்குள் கையை விட்டார். அங்கே பெயின்ட் இல்லாத இரும்புக் கொக்கி ஒன்று உண்டு.

ஒரு சத்தம்தான் வந்தது, வார்த்தை இல்லை. அவர் உடம்பு பின்னால் எகிறித் தூணில் மோதிச் சரிந்தது.

மீட்டர் அறைக்குள் பாய்ந்து எங்கள் மெயினை இறக்கிவிட்டு அவரிடம் ஓடினேன். கண் திறந்திருந்தது. மூச்சு இருந்தது. இடது தோளைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். பக்கத்து நர்சிங் ஹோமுக்கு ஆட்டோவில் கூட்டிப்போனோம். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். தோள் எலும்பில் விரிசல். கட்டுப் போட்டார்கள்.

வந்ததும் சாக்கெட்டைத் திறந்தேன். நான் நினைத்ததுதான். நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கம்பி. மின்சாரம் திரும்பிப் போகிற வழியையே எர்த் என்று காட்டிச் சார்ஜரை ஏமாற்றுகிற வேலை. திரும்புகிற வழி சரியாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அது தளர்ந்தால், வீட்டில் ஓடும் மின்சாரம் காரின் உடம்பில் வந்து நிற்கும்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

செந்தில் சாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "எர்த் இல்ல சார், லூப் பண்ணிடறேன்னு சொன்னான். ஆபத்தான்னு கேட்டேன். எல்லாரும் பண்றதுதான்னான்."

"என்னை ஏன் கேக்கல?"

"கேட்டா நீ விடமாட்ட."

6

மறுநாள் நாகராஜ் சார் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். செந்தில் கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"மழையில ஒயர் லூஸாயிடுச்சுன்னு சொல்லு அரசி. அது பொய் இல்லயே. லூப் வேணாம். போலீஸ்ல குடுத்துட்டா என் வேலை போயிடும்."

"நீங்களும் வாங்க."

"நான் அப்புறம் போறேன்."

ஒரு பை நிறையப் பழத்தை வாங்கி என் கையில் கொடுத்தார். அதைச் சோபாவிலேயே வைத்துவிட்டு யாழினியைக் கூட்டிக்கொண்டு போனேன். என் கன்னடத்தை நம்பி இந்தக் காரியத்துக்குப் போக முடியாது.

நாகராஜ் சார் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் கையைத் தொங்கவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "என் மனைவிக்கும் தெரிய வேண்டும். கன்னடத்தில் சொல்லுங்கள்." அவர் மனைவி சுசீலம்மா சமையலறை வாசலில் நின்றார்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல, யாழினி கன்னடத்தில் சொன்னாள். கட்டடத்துக்கு எர்த் இல்லை என்பதைச் சொன்னாள். நியூட்ரல் தளர்ந்ததைச் சொன்னாள். எலெக்ட்ரீஷியன் போட்ட லூப்பைக்கூடப் புரியும்படி சொன்னாள். நான் பெருமைப்பட்டேன், பொய் சொல்வானேன்.

"லூப் போட்டது அப்பாவுக்குத் தெரியும்னு சொல்லு. தெரிஞ்சுதான் சார்ஜ் போட்டாருன்னு சொல்லு" என்றேன்.

யாழினி ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, மெதுவாக, "நமகெ கொத்திர்லில்லா" என்றாள்.

எங்களுக்குத் தெரியாது.

என் கன்னடம் காய்கறிக் கடைக் கன்னடம்தான். ஆனால் 'தெரியும்', 'தெரியாது' இரண்டும் காய்கறிக் கடையிலேயே வந்துவிடும் வார்த்தைகள். அவள் அப்பாவைக் காப்பாற்றுகிறாள். அவள் இடத்தில் நானாக இருந்தால் ஒருவேளை அதையே செய்திருப்பேன். ஆனால் எதிரில் ஒரு மனிதர் தூளியில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"இல்லா" என்றேன். "கொத்தித்து. நன்ன கண்டனிகெ கொத்தித்து."

தெரிந்திருந்தது. என் கணவருக்குத் தெரிந்திருந்தது.

யாழினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகராஜ் சார் வாயைத் திறப்பதற்குள், சமையலறை வாசலிலிருந்து சுசீலம்மாவின் குரல் வந்தது. எங்களிடம் இல்லை, கணவரிடம்.

"நானு ஹேளிர்லில்வா?"

நான் சொல்லவில்லையா என்றார். பிறகு அவர் பேசிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. யாழினி தன்னையறியாமல் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். குளியலறைக் குழாயைத் தொட்டால் விரல் ஜும்மென்று இழுக்கிறது என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன். உனக்கு நரம்புத் தளர்ச்சி என்றீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு குளி என்றீர்கள். இன்றுவரை செருப்புப் போட்டுக்கொண்டுதான் குளிக்கிறேன்.

நாகராஜ் சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் திரும்பினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. போலீஸுக்குப் போவேன் என்றும் சொல்லவில்லை.

"உங்கள் கணவர் ஏன் வரவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

யாழினியைக் கூட்டிக்கொண்டு எழுந்தேன்.

படியில் யாழினி அழுதாள். கோபத்தில் வருகிற அழுகை.

"நீ தப்பா பேசியிருந்தா நான் சரி பண்ணியிருப்பேன் ம்மா. நீ அதை கரெக்டா சொல்லிட்ட. ஒரு லெட்டர்கூட தப்பில்ல."

7

செந்தில் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பாடு எடுத்துவைத்தால் சாப்பிடுவார், 'போதும்' என்பார், அவ்வளவுதான். அடுத்த வாரம் தனியாக நாகராஜ் சார் வீட்டுக்குப் போய்வந்தார் என்று சுசீலம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே என்ன பேசினார் என்று இவரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. கேஸ் எதுவும் வரவில்லை.

இரண்டாவது மீட்டிங்கில் குழி தோண்ட ஒப்புக்கொண்டார்கள். சுசீலம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்ததால் சீக்கிரம் ஒப்புக்கொண்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் இந்த ஊர் அசோசியேஷன்களைப் பார்த்ததில்லை. எங்கே தோண்டுவது? வடகிழக்கில் குழி கூடாது, வாஸ்து. தென்மேற்கில் தண்ணீர்த் தொட்டி. இன்னொரு மூலையில் ஒருவருடைய ஸ்கூட்டர் நிற்கும் இடம். அது பரம்பரைச் சொத்து மாதிரி பேசினார். பெயர்த்த டைல்ஸுக்கு அதே நிறம் கிடைக்குமா என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினார்கள். உயிர் போக இருந்த இடத்தில் டைல்ஸ் நிறம். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பேசினாலும் 'ஹோகி' என்று வந்துவிடும் போலிருந்தது, இந்த முறை வேண்டுமென்றே.

கடைசியில் கேட்டுக்குப் பக்கத்தில் தோண்டினார்கள். இரண்டு குழி. கம்பெனியிலிருந்து சோதனைக் கருவியை இரவல் வாங்கிவந்து நானே அளந்து பார்த்தேன், இரண்டும் நன்றாக இருந்தன. பன்னிரண்டு வீட்டுக்கும் கசிவு கண்டால் விழும் சுவிட்ச் போட்டோம். போட்ட அன்றே நான்கு வீட்டில் விழுந்தது. அத்தனை வருஷமாக அங்கெல்லாம் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்கும் என்னைத்தான் திட்டினார்கள்: "நன்றாக ஓடிக்கொண்டிருந்த கீசரைக் கெடுத்துவிட்டீர்கள்."

அன்புள்ள வேணுகோபாலுக்கு ஒருவழியாக லோடு கிடைத்தது. தனி லைன், சுவரில் பதித்த சார்ஜர், எல்லாம் வரைபடத்தில் நான் போட்டபடி வந்தன. நாகராஜ் சார் மட்டும் அந்தக் காரைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பார். தோளுக்குப் பயிற்சி எடுக்க அவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது செந்தில் "நான் கொண்டுவிடறேன் சார்" என்று பலமுறை கேட்டுவிட்டார். அவர் ஆட்டோவில்தான் போகிறார்.

போன வாரம் எதிர்க் கட்டடத்துக்காரர் ஒருவர் வந்தார். சேலம் பக்கம், புதிதாக மின்சாரக் கார் வாங்கியிருக்கிறார். எங்கள் சார்ஜரைப் பார்க்க வேண்டுமாம். செந்தில் கீழே கூட்டிப்போனார். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் குரல் மேலே கேட்டது.

"இது டிரிப் சுவிட்ச். இது எர்த். நியூட்ரல்னா கரண்டு போற வழி, ஃபேஸ்னா திரும்பி வர வழி..."

தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எங்க அசோசியேஷன்லயும் தோண்ட விடமாட்டேங்கறாங்க சார்" என்றார் வந்தவர். "எலெக்ட்ரீஷியன் ஒருத்தர், உள்ளயே லூப் பண்ணிட்டா பச்சை வந்துடும்ங்கறாரு. பண்ணலாமா?"

நான் கொடியிலிருந்து எடுத்த துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பண்ணாதீங்க" என்றார். "நான் பண்ணேன். தப்புன்னு தெரிஞ்சேதான் பண்ணேன், வீட்ல சொல்லாம. முதல் மாடிப் பெரியவரு கை வெச்சு விழுந்தாரு. இன்னைக்கும் அவரால கைய முழுசா தூக்க முடியல. ராத்திரில எனக்கு அந்தச் சத்தம் கேக்குது சார்."

என்னிடம் அவர் ஒருநாளும் சொல்லாதது. முன்பின் தெரியாத ஆளிடம், தூணுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்தவர், "சரிங்க சார், நியூட்ரல்தானே போற வழின்னீங்க?" என்றார்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன்.

"நியூட்ரல் போற வழி இல்லீங்க, திரும்பி வர வழி!"

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறேன் என்று செந்தில் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் சொன்னா தப்பாதான் வரும்" என்றார். "நீயே கீழ வந்து சொல்லு அரசி."

துணியைக் கூடையில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.